கிளாம்ப் ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு

நாவலூரில் மலை ஏது என்று யாரும் கேட்கலாம். என் மனைவி பத்து வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். பழைய மாமல்லபுரம் சாலை இட்லித் தட்டு மாதிரி. மொத்தமாகப் பார்த்தால் சமம், கிட்டப் போய்ப் பார்த்தால் குழி குழியாக இருக்கும். சிறுசேரி சிப்காட் வரைக்கும் மெட்ரோ ரயில் வருகிறது என்று தோண்ட ஆரம்பித்த பிறகு குழிக்குப் பஞ்சமே இல்லை. அப்படியும் எங்கள் அடுக்ககத்தின் பேஸ்மென்ட்டில் எண்ணிப் பார்த்தால் பதினேழு சைக்கிள், அதில் பதினொன்று மலை சைக்கிள். தடித்த டயர், முன்னால் சஸ்பென்ஷன், நேரான அகல ஹேண்டில். பாதிக்கு மேல் தூசி படிந்து நிற்கின்றன. என்னுடையதில் மட்டும் சேறு.

விடிவதற்கு முன் கிளம்பினால் தாழம்பூர் ஏரிக்கரை, அதை விட்டால் மனை போட்டுக் கல் நட்டிருக்கும் செம்மண் பாதைகள், பிறகு கேளம்பாக்கம்–வண்டலூர் சாலையைத் தொட்டுக் கீரப்பாக்கம். அங்கே ஒரு சின்னக் குன்று இருக்கிறது. சென்னை சைக்கிள்காரர்களுக்கு அதுதான் கைக்கெட்டிய ஏற்காடு. ஒருமுறை ஏறினால் போதாது, நாலு முறை ஏறி இறங்கிவிட்டு வீட்டுக்கு வந்து மலை ஏறினதாகச் சொல்லிக்கொள்வோம். நிஜ மலைக்கு ஆசை வந்தால் காரின் பின்னால் சைக்கிளைக் கட்டி ஏலகிரிக்குப் போய்விடுவோம். 14 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் ஒரு புலவர் அல்லது வள்ளல் பெயர்.

கீரப்பாக்கத்தில் நாலாவது ஏற்றத்தில்தான் அந்தச் சத்தம் முதலில் கேட்டது. ‘டிக்’. எழுந்து நின்று மிதிக்கும்போது, வலது கையால் ஹேண்டிலை மேலே இழுக்கிற நேரத்தில் மட்டும். உட்கார்ந்தால் இல்லை. சமதளத்தில் இல்லை.

சைக்கிளில் வருகிற சத்தத்தைத் தேடுவது வீட்டில் செத்த எலியைத் தேடுகிற மாதிரிதான். வாசனை ஒரு பக்கம், எலி இன்னொரு பக்கம். பெடலைக் கழற்றி கிரீஸ் வைத்தேன். சீட் போஸ்ட்டைத் துடைத்தேன். கிராங்க் போல்ட்டை முறுக்கினேன். சத்தம் போகவில்லை. படூர் பக்கத்தில் நாற்பது வருஷமாகப் பஞ்சர் ஒட்டி, ஓவராயில் பண்ணி வயசான ஒரு பாய் இருக்கிறார். வண்டியைத் தொடாமலே கேட்டார்: “சார், சீட்டுல சத்தம் இருந்தா உக்காந்தா வரும். உங்களுக்கு நின்னாத்தானே வருது? அப்போ கைப் பக்கம் பாருங்க.”

வெட்கமாக இருந்தது. ஏனென்றால் நான் முப்பத்தொரு வருஷம் மறைமலை நகரில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் இருந்தவன். உடைந்த உலோகத்தைப் பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஒரு ஷாஃப்ட் உடைந்து வந்தால், உடைந்த முகத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்போம். கடற்கரை மணலில் அலை விட்டுப்போகிற மாதிரி வரி வரியாக இருந்தால் அது நேற்று உடைந்ததில்லை. மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக விரிசல் ஓடி, கடைசியில் மிச்சம் இருந்த துளி உலோகம் தாங்காமல் போனது. தொழிற்சாலையில் இதை ‘ஃபெடீக்’ என்போம். உலோகத்தின் அயர்ச்சி. இத்தனை தெரிந்தவன் என் நெஞ்சு எடையை நம்பி ஒப்படைத்த குழாயை ஏழு வருஷமாகத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்து ஹேண்டிலைக் கழற்றினேன். கறுப்பு அனோடைஸ் பூச்சு. வெறும் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. ஹேண்டிலை நடுவில் கவ்விப் பிடிக்கிற துண்டுக்கு ‘ஸ்டெம்’ என்று பெயர். அது கவ்வியிருந்த இடத்தின் கீழ்ப்பக்கம் நகத்தால் வருடினால் ஒரு இடத்தில் மட்டும் நகம் லேசாகத் தயங்கியது. பழைய நண்பர் ஒருவரிடம் கேட்டு மூன்று ஸ்ப்ரே டப்பா வாங்கி வந்தேன். தொழிற்சாலையில் நாங்கள் தினமும் செய்துவந்த ‘டை பெனிட்ரன்ட்’ சோதனை. முதல் டப்பா வெறும் கிளீனர், எண்ணெய்ப் பிசுக்கு போகும்வரை துடைக்க வேண்டும். இரண்டாவது டப்பாவில் ரத்தச் சிவப்பாக ஒரு திரவம். தண்ணீரைவிட லேசாக, எந்தச் சந்துக்குள்ளும் நுழைந்துவிடும். அதை அடித்துக் கால் மணி நேரம் சும்மா விட வேண்டும். பிறகு துணியில் கிளீனரை நனைத்து மேலே உள்ள சிவப்பைத் துடைத்து எடுக்க வேண்டும். நேராகக் குழாய்மேல் அடித்தால் விரிசலுக்குள் போனதையும் கழுவிக்கொண்டு வந்துவிடும். கடைசி டப்பா வெள்ளை மாவு. மெல்லிசாக, அப்பளத்தில் மாவு தூவின மாதிரி.

பால்கனியில் காத்திருந்தேன். இரண்டு நிமிஷம் வெள்ளையாகவே இருந்தது. அப்புறம் மாவின் மேல் ஒரு புள்ளி சிவந்தது. பக்கத்தில் இன்னொன்று. இரண்டும் சேர்ந்து கோடானது. வலது பக்கம், ஸ்டெம் முடிகிற விளிம்பை ஒட்டி, கீழே. வெர்னியர் வைத்து அளந்தேன், 11 மி.மீ. குழாயின் சுற்றளவில் ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கு.

“ஏங்க, இது என் அடுப்படித் துண்டுதானே?” என்று பின்னால் குரல் வந்தது. துண்டு சிவந்துபோயிருந்தது. அந்தக் கறை இன்னும் போகவில்லை.

கோடு ஏன் அந்த இடத்தில் வந்தது என்பதில்தான் ஹேண்டில் வாங்குகிறவருக்குத் தேவையான பாதிப் பாடம் இருக்கிறது. ஹேண்டில் ஒரு நெம்புகோல். நடுவில் ஸ்டெம் கவ்விப் பிடித்திருக்கிறது, ஓரத்தில் நாம் தொங்குகிறோம். எங்கே கவ்வல் முடிகிறதோ அந்த விளிம்பில்தான் வளைக்கிற சக்தி உச்சம். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 780 மி.மீ. ஹேண்டிலில் பாதி 390. ஸ்டெம் கவ்வும் பாதி அகலம் 25, கையின் நடுவிலிருந்து ஓரம் வரை ஒரு 60, இரண்டையும் கழித்தால் நெம்புகோலின் நீளம் 305 மி.மீ. பழைய காலத்து 620 மி.மீ. ஹேண்டிலில் இதே கணக்கு 225 தான் வரும். அதே ஆள், அதே குழி, ஆனால் விளிம்பில் விழுகிற சுமை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடுகிறது. ஹேண்டில் அகலமாக அகலமாக நடுப்பகுதி பலமாக வேண்டும்.

அகலம் வந்த கதையும் வேடிக்கை. 1976-ல் கலிஃபோர்னியாவில் மரின் வட்டாரத்து மலைச்சரிவில் சில இளைஞர்கள் பழைய தடிச்சக்கர சைக்கிள்களை உருட்டிவிட்டுப் பந்தயம் வைத்தார்கள். பின்சக்கர பிரேக்கின் கிரீஸ் ஒரே இறக்கத்தில் சூடாகிப் புகைந்துவிடும், அடுத்த ஓட்டத்துக்கு மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். அதனாலேயே அந்தப் பந்தயத்துக்கு ‘ரீபேக்’ என்று பெயர். கேரி ஃபிஷர், ஜோ பிரீஸ், சார்லி கெல்லி எல்லாம் அந்தக் கூட்டம். அவர்கள் வண்டியில் மோட்டார் சைக்கிள் பாணி அகல ஹேண்டில்தான். பிறகு இது விளையாட்டாக வளர்ந்து, 1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸில் சேர்ந்த சமயம், பந்தயக்காரர்கள் எடையைக் குறைக்கிறோம் என்று ஹேண்டிலை 600 மி.மீ.க்கும் கீழே வெட்டிவிட்டார்கள். மரங்களுக்கு நடுவே நுழைய வசதி என்றும் சொன்னார்கள். இப்போது மறுபடி 760, 780, 800. ஒரு ஸ்ப்ளெண்டர் பைக்கின் மொத்த அகலமே 720 மி.மீ. தான். 800 மி.மீ. ஹேண்டிலோடு நாவலூர் சிக்னலில் ஷேர் ஆட்டோவுக்கும் தண்ணீர் லாரிக்கும் நடுவில் நுழையப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். எங்கள் லிஃப்ட்டில் சைக்கிளைச் செங்குத்தாக நிறுத்தி, ஹேண்டிலைத் திருப்பி, நான் வயிற்றை எக்கினால்தான் கதவு மூடும்.

எதிர் ஃபிளாட் பையன் சிறுசேரியில் வேலை பார்க்கிறான். என் ஹேண்டில் கதையைக் கேட்டதும் அவன் கேட்ட முதல் கேள்வி: “அங்கிள், அப்போ தடியா இருக்கிறதா வாங்கினாப் போதுமா?”

“தடி எந்த அளவு தம்பி?” என்றேன். இங்கேதான் நிறையப் பேர் காசை விடுகிறார்கள். கிரிப் மாட்டும் ஓரத்தில் எல்லா மலை சைக்கிள் ஹேண்டிலும் 22.2 மி.மீ. தான். நடுவில், ஸ்டெம் கவ்வும் இடத்தில்தான் வித்தியாசம். பழசு 25.4 மி.மீ., அதாவது ஒரு அங்குலம். இப்போது பரவலாக 31.8. புதிதாக வந்தது 35. குழாயின் சுவர் அதே தடிமனாக இருந்தாலும் விட்டம் மட்டும் கூடினால் விறைப்பு கனமடங்காக ஏறும். 25.4-லிருந்து 31.8-க்குப் போனால் விறைப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால்தான் சுவரைக் கொஞ்சம் மெலிய வைத்து எடையையும் குறைக்க முடிந்தது. நல்ல ஹேண்டிலில் சுவர் எல்லா இடத்திலும் ஒரே தடிமனாகவும் இருக்காது. நடுவில் தடித்து, கிரிப் பக்கம் போகப் போக மெலியும். இதைத்தான் ‘பட்டெட்’ என்று அட்டையில் போடுகிறார்கள். சுமை எங்கே அதிகமோ அங்கே உலோகம்.

35 மி.மீ. இன்னும் பலம் என்று கடைக்காரர் சொல்வார். விறைப்பு கூடுதல் என்பது உண்மை. ஆனால் விறைப்பும் பலமும் ஒன்றில்லை. விறைப்பு என்றால் வளைந்துகொடுக்காது. பலம் என்றால் உடையாது. அறுபதைத் தாண்டிய என் மணிக்கட்டுக்குக் கொஞ்சம் வளைகிற 31.8 தான் பிடிக்கிறது. 35 போட்ட நண்பர் ஒருவருடைய வண்டியை ஏலகிரியில் வாங்கி ஓட்டிப் பார்த்தேன். இறங்கி வந்த பிறகு காபி டம்ளரைப் பிடிக்கும்போது கை நடுங்கியது. அவர் இருபத்தெட்டு வயசுக்காரர், ஒன்றும் தெரியவில்லை என்றார். தெரியாதுதான்.

இன்னொன்று, 35 ஹேண்டில் 31.8 ஸ்டெம்மில் நுழையாது. ஸ்டெம்மையும் சேர்த்து வாங்க வேண்டும். சின்ன ஹேண்டிலைப் பெரிய ஸ்டெம்மில் பொருத்த அதற்கென்றே செய்த வளையத் தகடு கிடைக்கிறது. நம் ஊர் வழக்கப்படி காலி டின்னை வெட்டித் தகடாக வைத்து இறுக்குகிற வேலை மட்டும் வேண்டாம். அரிசி மூட்டை ஏற்றுகிற வண்டிக்கு அது போதும், குழிக்குள் குதிக்கிற வண்டிக்குப் போதாது.

அடுத்தது எந்த உலோகம். வாங்கப் போகும்போது ஃபிரிஜ்ஜில் ஒட்டியிருக்கிற காந்தம் ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். ஒட்டினால் ஸ்டீல். விலை குறைந்த கியர் சைக்கிள் பலவற்றில் கறுப்புப் பெயிண்ட் அடித்த ஸ்டீல் ஹேண்டில்தான் வரும். அதைக் கேவலமாக நினைக்க வேண்டியதில்லை. நான் பிறந்து வளர்ந்தது ஆவடி. முருகப்பா குழுமம் 1949-ல் ஒரு பிரிட்டிஷ் நிறுவனத்தோடு சேர்ந்து தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் பக்கத்து ஊரான அம்பத்தூரில். குழாய்த் தொழிற்சாலை எங்கள் ஆவடியிலேயே. எங்கள் தெருவில் ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்களில் பாதிப் பேர் கையில் எண்ணெய் வாசனை அந்தக் குழாயினுடையதுதான். என் அப்பாவின் ஹெர்குலிஸ் வண்டியில் முன்பாரில் நான், கேரியரில் அம்மா, ஹேண்டிலில் இரண்டு பக்கமும் காய்கறிப் பை. முப்பது வருஷம் ஓடியது. குரோம் உரிந்ததே தவிர குழாய் உடையவில்லை.

அதற்குக் காரணம் உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மனியில் ரயில் அச்சுகள் காரணமே இல்லாமல் உடைந்துகொண்டிருந்தன. ஆகுஸ்ட் வோலர் என்ற ரயில்வே பொறியாளர் அச்சுகளை ஆயிரக்கணக்கான, லட்சக்கணக்கான முறை வளைத்து வளைத்துப் பார்த்து ஒன்றைக் கண்டுபிடித்தார். உலோகம் ஒரே அடியில் தாங்குகிற சுமை வேறு, தினமும் விழுந்தால் தாங்குகிற சுமை வேறு. ஸ்டீலுக்கு ஒரு வரம்பு இருக்கிறது, அதற்குக் கீழே எத்தனை முறை வளைத்தாலும் அது கணக்கில் வைப்பதில்லை. அலுமினியத்துக்கு அப்படி ஒரு கோடு கிடையாது. ஒவ்வொரு குழியையும் மளிகைக் கடைக்காரர் சிட்டை நோட்டில் எழுதுகிற மாதிரி எழுதிக்கொண்டே வரும். கணக்கு முடிகிற நாள் என்று ஒன்று உண்டு, அது பத்து வருஷம் கழித்தும் வரலாம், நாற்பது வருஷம் கழித்தும் வரலாம்.

அப்படியானால் ஏன் அலுமினியம்? அதன் எடை ஸ்டீலில் மூன்றில் ஒரு பங்குதான், அதனால். அந்த மிச்சத்தில் குழாயைப் பெரிதாக்கி, சுவரைத் தேவையான அளவு தடிமனாக்கி, வளைவையே குறைத்துவிடலாம். அலுமினியத்திலும் சாதி பார்க்க வேண்டும். ஹேண்டிலின் மேல் 6061 என்றோ 7075 என்றோ பொடி எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். 6061-ல் மக்னீசியமும் சிலிக்கனும், 7075-ல் முக்கியமாகத் துத்தநாகம். பதப்படுத்திய நிலையில் 7075 நிரந்தரமாக வளைவதற்கு 6061-ஐவிட ஏறக்குறைய இரண்டு பங்கு சுமை வேண்டும். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானின் ஜீரோ விமானத்துக்குப் பயன்பட்டது இதே துத்தநாகக் குடும்பத்து அலுமினியம். ஆனால் விறைப்பில் இரண்டும் ஒன்றேதான். கையில் பிடித்து அழுத்திப் பார்த்து வித்தியாசம் சொல்கிறேன் என்கிற கடைக்காரரைப் பார்த்தால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். எதுவுமே அச்சடிக்காமல் வெறும் ‘அலாய்’ என்று மட்டும் போட்டிருக்கிற ஹேண்டிலை நான் தொடமாட்டேன். ஐ.எஸ்.ஓ. 4210 என்ற சர்வதேசத் தரத்தைத் தாண்டியதா என்று பார்ப்பேன். அந்தச் சோதனையில் ஹேண்டிலையும் ஸ்டெம்மையும் பொருத்தி, ஒரு கையை மேலே இழுத்து மறு கையைக் கீழே அழுத்தி 1,00,000 முறை ஆட்டுகிறார்கள். அதே குழாயை மறுபடி இரண்டு பக்கமும் ஒரே திசையில் இன்னொரு 1,00,000 முறை. நான் நின்று மிதிப்பது முதல் வகை, குழியில் இறங்குவது இரண்டாம் வகை.

பையன் கார்பனுக்கு வந்தான். “வெயிட்டும் கம்மி, ஸ்ட்ராங்கும்னு சொல்றாங்களே அங்கிள்?”

சொல்வது பொய்யில்லை. அலுமினியம் சுமார் 300 கிராம் இருக்கிற இடத்தில் கார்பன் 200, 220 கிராமில் முடிந்துவிடும். அயர்ச்சிக்கு அலுமினியத்தைவிட நன்றாகவே தாங்கும், சின்ன அதிர்வைக் கொஞ்சம் விழுங்கவும் செய்யும். விலை என் முதல் மாதச் சம்பளத்தைப்போல் பத்து மடங்குக்கு மேல், அதை விடுங்கள். எனக்குப் பயம் வேறு. அலுமினியம் விழுந்தால் வளையும், கீறும், ‘டிக்’ என்று சொல்லும். கார்பன் பலசமயம் எதையும் சொல்லாது. கல்லில் மோதி உள்ளே அடுக்குகள் பிரிந்திருந்தாலும் மேலே வார்னிஷ் பளபளக்கும். 2021 மார்ச்சில் பெல்ஜியத்தில் ல சமின் என்ற சாலைப் பந்தயத்தில் மத்யூ வான் டெர் பூலின் கார்பன் ஹேண்டில் ஓட்டத்தின் நடுவிலேயே உடைந்து தொங்கியது. மலை சைக்கிளிலும் சேற்று ஓட்டத்திலும் கைதேர்ந்த மனிதர், மீதித் தூரத்தை அப்படியே ஓட்டிவிட்டார், பந்தயத்தை அவர் அணிக்காரரே ஜெயித்தார். நீங்களும் நானும் ஓட்ட மாட்டோம். தம்பிக்குச் சொன்னது இதுதான்: வாங்கு, ஆனா பெருசா ஒரு தடவை விழுந்தா, பாக்க நல்லா இருந்தாலும் மாத்தணும். அந்தக் காசும் கையில இருந்தா வாங்கு.

என் ஹேண்டிலுக்கு வருகிறேன். அதன் கணக்கு அவ்வளவு சீக்கிரம் முடிந்திருக்கக் கூடாது. விரிசலை லென்ஸில் பார்த்தேன், அது புறப்பட்ட இடத்தில் ஒரு நேர்க் கீறல். ஷாம்பு பாக்கெட்டின் ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு கொடுத்திருப்பார்களே, அதை வைத்துத்தானே கிழிக்கிறோம்? வெட்டு இல்லாத பக்கம் பல்லால் கடித்தாலும் கிழியாது. உலோகமும் அப்படித்தான். அந்தக் கீறல் எங்கே வந்தது என்று யோசித்ததில் மூன்று வருஷத்துக்கு முன் புறநகரில் ஒரு கடையில் சர்வீஸ் விட்டது ஞாபகம் வந்தது. அங்கே ஒரு பையன் ஸ்டெம் போல்ட்டை எல்-கீ போட்டு முறுக்கி, போதாது என்று எல்-கீயின் வாலில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி இன்னும் முறுக்கினான். “டைட்டா இருந்தாத்தான் சார் சேஃப்டி.” நானும் பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தேன். தரக்கட்டுப்பாட்டு அதிகாரி.

ஸ்டெம் மேல் பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர் என்று எழுதியிருக்கும், சிலவற்றில் 4, சிலவற்றில் 6. பத்து சென்டிமீட்டர் நீள எல்-கீயின் நுனியில் ஐந்து கிலோ எடையைத் தொங்கவிட்டால் எவ்வளவோ அவ்வளவுதான் அது. ஒரு ஐந்து கிலோ அரிசிப் பையின் எடை. விரல்களால் முறுக்கினாலே ஏறக்குறைய வந்துவிடும். குழாய் செருகினால் மூன்று, நான்கு மடங்கு ஆகிவிடும், ஸ்டெம்மின் விளிம்பு அலுமினியத்துக்குள் கத்தி மாதிரி இறங்கும். டார்க் ரென்ச் என்று அளவு காட்டும் சாவி இருக்கிறது. ஒரு நல்ல கிரிப் ஜோடியின் விலைக்குக் கொஞ்சம் மேலே. இரண்டாவது ஹேண்டில் வாங்குவதற்கு முன் அதை வாங்கிவிட்டேன், முதலாவதற்கே வாங்கியிருக்க வேண்டும். நாலு போல்ட்டையும் குறுக்குக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். மேலே கீழே இடைவெளி சமமாக வரும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். மேல் போல்ட்டை முழுக்க மூடிவிட்டுக் கீழே இறுக்கு என்று எழுதியிருக்கிற ஸ்டெம்களும் உண்டு, அதைப் படித்துவிட்டுச் செய்யுங்கள். பாதி இறுக்கிய நிலையில் ஹேண்டிலைப் பிடித்து முறுக்கித் திருப்பினால் அதுவே கீறல். புது ஸ்டெம்மின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்து, பிசிறு இருந்தால் பொடி எமரித் தாளால் நீவிவிடுவேன். கார்பனுக்கு கிரீஸ் கூடாது, அதற்கென்று மணல் மாதிரி நெறுநெறுக்கிற பசை இருக்கிறது. அதைத் தடவினால் குறைவாக இறுக்கினாலே வழுக்காது.

நாவலூருக்கென்று ஒரு தனிப் பிரச்சினையும் உண்டு. பக்கிங்ஹாம் கால்வாயைத் தாண்டினால் கடல். காற்றில் உப்பு. அதோடு நம் வியர்வை. வருஷத்துக்கு ஒருமுறை கிரிப்பைக் கழற்றிப் பார்த்தால் அடியில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கும், உப்புச் சட்டியின் வாய் மாதிரி. அலுமினியம் அரிக்கிறது. அரித்த குழி ஒவ்வொன்றும் ஒரு ஷாம்பு பாக்கெட் வெட்டுதான். பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டுக்குள் டிரெய்னரில் சைக்கிளை நிறுத்தி மணிக்கணக்கில் மிதித்தவர்களின் ஹேண்டிலை அவசியம் ஒருமுறை உரித்துப் பார்க்க வேண்டும்.

புது ஹேண்டிலை எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்றால், முதலில் தரையில் படுத்துத் தண்டால் எடுக்கிற மாதிரிக் கையை ஊன்றினேன். சுகமாகத் தோன்றிய அகலத்தை மனைவி டேப் வைத்து அளந்தாள். வெளி ஓரம் முதல் வெளி ஓரம் வரை 730. கடையில் இருந்தது 760, 7075 அலுமினியம், 31.8, எழும்பல் 20 மி.மீ., பின்பக்கம் சாய்வு 8 பாகை. எழும்பல் என்பது நடுவிலிருந்து கைப்பிடி எவ்வளவு மேலே ஏறியிருக்கிறது என்பது. இடுப்பு வலிக்காரர்களுக்குக் கொஞ்சம் அதிகம் இருந்தால் நல்லது. பின்சாய்வு மணிக்கட்டுக்கு. அகலமாக வாங்கி இரண்டு வாரம் ஓட்டிவிட்டுப் பிறகு வெட்டிக்கொள்வதே புத்திசாலித்தனம், வெட்டினதை ஒட்ட முடியாது. பிளம்பர் வைத்திருக்கிற குழாய் வெட்டும் கருவியால் ஒவ்வொரு பக்கமும் 15 மி.மீ. எடுத்தேன். அலுமினியத்துக்கு அது சரி. கார்பனுக்குச் சுற்றி டேப் ஒட்டி, பொடிப் பல் ரம்பத்தால்தான் அறுக்க வேண்டும்.

வெட்டின வாயில் உடனே பிளக்கை அடைத்தேன். இது அலங்காரம் இல்லை. திறந்த குழாய் முனை ஒரு பிஸ்கட் அச்சு. குழந்தைகள் சைக்கிளிலிருந்து விழும்போது ஹேண்டில் முனை வயிற்றில் குத்திக் கல்லீரலும் மண்ணீரலும் கிழிவது மருத்துவர்கள் நன்றாக அறிந்த விஷயம். வெளியே ஒரு வட்ட அச்சு மட்டும் தெரியும், உள்ளே ரத்தம் போய்க்கொண்டிருக்கும். எங்கள் பேஸ்மென்ட்டில் இருக்கிற சின்னப் பிள்ளைகளின் சைக்கிள்களைப் பார்த்தேன். ஐந்தில் மூன்றில் கிரிப் கிழிந்து இரும்பு வாய் திறந்திருந்தது. ஒரு பை நிறைய ரப்பர் பிளக் வாங்கி வந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் அடைத்துவிட்டேன். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

புது ஹேண்டிலோடு கீரப்பாக்கம் நாலு முறை ஏறியாகிவிட்டது. சத்தம் இல்லை. மாதத்துக்கு ஒருமுறை போல்ட்டைத் தளர்த்தாமலே ஸ்டெம் ஓரத்தைத் துடைத்து டார்ச் அடித்துப் பார்க்கிறேன். தேதியை ஸ்டெம்மின் அடியில் ஒரு சின்ன ஸ்டிக்கரில் எழுதி ஒட்டியிருக்கிறேன். நாலு வருஷம், அல்லது கை உரிகிற அளவுக்கு ஒரு விழுதல், எது முதலில் வருகிறதோ அன்றைக்கு இதுவும் போகும். இது என் கணக்கு. எடை குறைந்தவர், தார்ச்சாலையில் மட்டும் ஓட்டுகிறவர் இன்னும் தள்ளிப்போடலாம்.

பழையதை பாயிடம் காட்டினேன். வெள்ளை மாவும் சிவப்புக் கோடும் இன்னும் அதில் ஒட்டியிருந்தது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். “இத்த எங்கயாவது பசங்க வண்டியில மாட்டிடுவாங்க சார், குடுக்காதீங்க” என்றார். அவரிடமே ரம்பம் வாங்கி, கடை வாசலில் உட்கார்ந்து, கோட்டுக்கு நேராக அறுத்தேன். பாதி அறுத்ததும் மீதி தானாகவே ‘டக்’ என்று விட்டுக்கொடுத்தது.

இரண்டு துண்டையும் பழைய இரும்புக் கடையில் தராசில் வைத்தபோது கடைப் பையன் வருத்தப்பட்டான். “அலுமினியமா சார்? முழுசா கொண்டாந்திருந்தா சைக்கிள் கடைக்காரன் நூறு ரூபாய்க்கே எடுத்திருப்பானே.”

“அதனாலதான் தம்பி” என்றேன். எடை போட்டு முப்பத்தெட்டு ரூபாய் கொடுத்தான்.